மருந்தைத் தின்ற ரத்தம்

அத்தியாயம் 14

அன்று காலை டாக்டர் இஸ்ஸதியின் அறையில் இருந்தவர்கள்:

ஷேக் அலாவுதீன். ஜெலுத்தோங்கில் நாசி கண்டார் என்கிற சோறு கறிக் கடை நடத்துகிறவர். முந்தின நாள் போட்ட சட்டையோடு வந்திருந்தார்.

சித்தி ஹாஜரா. அவர் மனைவி. கைப்பையை யாரோ பிடுங்கப் போவதுபோல மடியில் அணைத்திருந்தார்.

லைலா. மூத்த மகள். சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலை வேலை. லீவு கேட்கவில்லை, சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

டாக்டர் இஸ்ஸதி.

இர்வான் இல்லை. யாருக்காக எல்லாரும் கூடியிருந்தார்களோ அவன் கழிப்பறையில் இருந்தான்.

அவன் வரும்வரை டாக்டர் வாயைத் திறக்கவில்லை. டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். வார்டு உடுப்பு தோளில் நிற்காமல் சரிந்தது. நாற்காலியின் விளிம்பில், வயிறு மடங்காதபடி உட்கார்ந்தான்.

டாக்டர் மலாயில் பேசினார். ஹாஜராவுக்கும் புரியட்டும் என்று மெதுவாகவே பேசினார்.

“போன வாரம் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் வந்திருக்கிறது. இரண்டு விஷயம் பார்த்தோம். இர்வான் ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தோம். ஒன்றுமே இல்லை. அந்த மருந்தை எதிர்க்க அவர் உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கிறதா என்று பார்த்தோம். உண்டாக்கியிருக்கிறது. மிக அதிகமாக.”

இர்வானுக்குக் குரோன்ஸ். உடம்பே தன் குடலைப் புண்ணாக்கிக்கொள்ளும் நோய். ரத்தமாகப் போய், எழுந்து நிற்க முடியாமல் கிடந்தவனை எழுப்பியது ஒரு மருந்து. எட்டு வாரத்துக்கு ஒரு முறை கை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். சதை போட்டான். கடையில் கறி ஊற்ற நின்றான். அக்கரையில் பாகான் டாலாமில் பெண் பேசினார்கள்.

அப்புறம் நோன்பு மாதம் வந்தது. நரம்பில் ஏறுகிற தண்ணீரும் உணவுதானே, நோன்பு முறிந்துவிடாதா என்று அலாவுதீனுக்குச் சந்தேகம். யாரிடமும் கேட்கவில்லை. பெருநாள் கழித்து வருகிறோம் என்று தானே போன் செய்து தள்ளி வைத்தார். நர்ஸ் தள்ளிப் போட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். பெருநாள் முடிந்ததும் கடையில் ஆள் பற்றாக்குறை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் அடுத்த வருடமும் அதையே செய்தார். முப்பது நோன்பும் பிடித்த மகனைப் பற்றிக் கடையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்.

போன வாரம் மருந்து ஏற ஆரம்பித்ததும் இர்வானின் முகம் சிவந்தது. மூச்சு அடைத்தது. நர்ஸ்கள் ஓடி வந்து குழாயை மூடினார்கள்.

“இடைவெளி விட்டதாலா?” என்று லைலா கேட்டாள்.

“இடைவெளி விடாதவர்களுக்கும் சில சமயம் வரும். ஆனால் மருந்து முழுக்கக் காலியாகி, திரும்ப வந்து, திரும்பக் காலியானால், உடம்பு அதை அந்நியம் என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.”

“ரெகுலர் கஸ்டமர் மாதிரி லா,” என்றான் இர்வான் தமிழில், அப்பாவைப் பார்க்காமல். “தினம் வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். காணாமப் போயிட்டுத் திடீர்னு வந்து நின்னா, யார்றா நீன்னு கேப்போம்.”



“அப்ப டோஸைக் கூட்டிப் போடுங்க,” என்றார் அலாவுதீன். “விட்டதுக்கும் சேர்த்து.”

“முடியாது. அடுத்த முறை அவர் மூச்சு திரும்பாமல் போகலாம்.”

“அந்த ஆன்டிபாடியை ரத்தத்துலேருந்து எடுத்துட முடியாதா? வடிகட்டி?”

“முடியாது.”

“என் ரத்தத்தைப் போடுங்க. எனக்கு ஒரு நோயும் இல்ல. சர்க்கரைகூட இல்ல.”

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். “அங்கிள், பிரச்சினை இப்போது மருந்து இல்லை. வேறு மருந்துகள் இருக்கின்றன, பிறகு பார்க்கலாம். ஆனால் குடல் ஒரு இடத்தில் தழும்பாகிச் சுருங்கிவிட்டது. பக்கத்தில் சீழ்க்கட்டி. எந்த மருந்தும் தழும்பைத் திறக்காது. அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டும். நாளைக் காலை ஆப்பரேஷன் தியேட்டர் கிடைத்திருக்கிறது.”

“வெட்டிட்டு?” ஹாஜரா முதல் முறையாகப் பேசினார்.

“குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டு வந்து ஒரு பை மாட்டுவோம். சில மாதம் இருக்கலாம். அதற்கு மேலும் இருக்கலாம். திறந்து பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது.”

“வேண்டாம்,” என்றான் இர்வான்.

“கட்டி உடைந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். அப்புறம் உங்களைக் காப்பாற்றுவேன் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

“புரியுது டாக்டர். வேண்டாம்.”

“கொடுங்க, நான் போடுறேன் கையெழுத்து,” என்று அலாவுதீன் கை நீட்டினார்.

“அவர் வயது வந்தவர், அங்கிள். சுய நினைவோடு இருக்கிறார். அவர்தான் போட வேண்டும்.” டாக்டர் இர்வானைப் பார்த்தார். “இன்று சாயங்காலம் வரை யோசியுங்கள்.”

இர்வான் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அலாவுதீனின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. ஹாஜரா அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

*

லிஃப்ட் பக்கத்தில் லைலா அப்பாவை நிறுத்தினாள்.

“இப்ப எங்க போறீங்க?”

“கடையைப் பாக்கணும்.”

“கடையா அத்தா?”

“வேற என்ன பண்ணச் சொல்ற? அவன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான்.”

“பாக்காட்டி என்ன? பக்கத்துல நில்லுங்க.”

“நின்னா?” அவர் லிஃப்ட் பொத்தானை மறுபடி அமுக்கினார். அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. “ஒவ்வொரு நோன்புக்கும் நான்தான் போன் பண்ணேன். நானே போய் அவன்கிட்ட கையெழுத்துப் போடுன்னு சொல்லவா?”

“நீங்க சொல்லித்தான் அவன் எல்லாத்தையும் செஞ்சான். இதையும் நீங்கதான் சொல்லணும்.”

லிஃப்ட் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். கதவு மூடும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

லைலா வார்டுக்கு வந்தபோது இர்வான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அடுத்த கட்டிலில் ஒரு சீனக் கிழவர் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

“லாத்தா, நீ பேசப் போறது எல்லாம் எனக்குத் தெரியும்,” என்றான் அக்காவிடம்.

“தெரியுதுல்ல. அப்ப ஏன்?”

“வயித்துல ஒரு ஓட்டை. அதுல ஒரு பை. நிறைஞ்சா நான் போய்க் காலி பண்ணணும். அந்தக் கையோட வந்து சோத்துல கறி ஊத்தணும்.”

“கையக் கழுவிட்டு ஊத்து. இப்ப மட்டும் கழுவாமலா ஊத்துற?”

“நீ கடைக்கு வந்து சாப்பிடுவியா?”

“நீ செத்துட்டா அந்தக் கடையில யாரும் சாப்பிட மாட்டோம்.”

அவன் திரும்பிப் படுத்தான். அந்தச் சின்ன அசைவுக்கே நெற்றியில் வேர்வை வந்தது.

லைலா குரலை இறக்கினாள். “பையோட எப்படித் தொழுறதுன்னு நினைக்கிறியா? அதை யார்கிட்டயாவது கேக்கலாம்டா.”

“யார்கிட்ட? ஃபஸீலாவோட அத்தாகிட்டயா?”

 பாகான் டாலாமில் ஃபஸீலாவின் அப்பா அப்துல் ஹமீதிடம்தான் எல்லாரும் மார்க்கச் சந்தேகம் கேட்பார்கள். அலாவுதீனும் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் அவரிடம்தான் கேட்டார். அவர் மகளை இர்வானுக்குப் பேச ஆரம்பித்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். நோன்பில் டிரிப் ஏற்றலாமா என்று கேட்டால், யாருக்கு டிரிப் என்று அவர் கேட்பார்.

“நானே போன்ல தேடினேன்,” என்றான் இர்வான். “பையோட தொழலாம். ஒவ்வொரு தொழுகைக்கும் கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டுத் தொழலாம்னு போட்டிருக்கு. நோயாளி நோன்பே பிடிக்க வேண்டாம்னும் போட்டிருக்கு. அன்னிக்கே தேடியிருக்கலாம். அத்தா பெருமையா இருந்தாரு. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்புறம் என்னதான்டா?”

“அவ.”

“ஃபஸீலாவா?”

“கேஸ்டிரிக்னு சொல்லி வச்சிருக்கேன். இத்தனை நாளா கேஸ்டிரிக். இந்த வாரம் கோலாலம்பூர்ல இருக்கேன்னு சொல்லியிருக்கேன். அடுத்த மாசம் நிக்காஹ். முதல் ராத்திரி சட்டையக் கழட்டிட்டு என்ன சொல்றது? இதுவும் கேஸ்டிரிக்தான்னா?”

“இப்பச் சொல்லு. போன் பண்ணு.”

“சொன்னா அவ அத்தா அன்னிக்கே முடிச்சுடுவாரு. சொல்லாமச் செத்தா ஒரு வாரம் அழுவா. அது பரவாயில்ல.”

லைலாவுக்கு அவன் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. அவன் கையில் குழாய் இருந்தது. அடிக்கவில்லை.

“அம்மா எங்க?” என்று கேட்டான்.

“கீழ தொழுற ரூம்ல.”

“அவங்களையாவது வீட்டுக்கு அனுப்பு. காலையிலேருந்து ஒண்ணும் தின்னல.”

லைலா வெளியே வந்து கடைக்குப் போன் செய்தாள். முதலாளி வரவே இல்லை என்று வேலைக்காரர் சொன்னார். அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கீழே இறங்கிப் போய் அம்மாவிடம் கேட்டாள்.

ஹாஜரா தொழுகைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். “ஃபெர்ரிக்குப் போறேன்னாரு.”

“ஃபெர்ரியா? எங்க?”

“பாகான் டாலாமுக்கு. நிக்காஹைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டா இவன் மனசு லேசாகி ஆப்பரேஷனுக்கு ஒத்துக்குவான்னாரு.”

“நீங்க விட்டீங்களா?”

“நான் எப்ப அவரை நிறுத்தியிருக்கேன்,” என்றார் ஹாஜரா. மடித்த துணியை மறுபடி பிரித்தார்.

*

அலாவுதீன் மோட்டார் சைக்கிளை அப்துல் ஹமீதின் வாசலில் நிறுத்தியபோது அசர் தொழுகைக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. ஹமீது பள்ளிவாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே. முன்கூட்டிச் சொல்லியிருந்தா சாப்பாடு பண்ணச் சொல்லியிருப்பேன்.”

“இருக்கட்டும் ஹமீது. ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடுறேன்.”

கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஃபஸீலா தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

“நிக்காஹை ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சு வச்சுக்கலாமா?”

“கார்டு அடிச்சாச்சேண்ணே. மண்டபம் சொல்லியாச்சு.”

“கடையில கொஞ்சம் ரிப்பேர் வேலை. கூரையைப் பிரிக்கணும்.”

“கூரையில நிக்காஹ் பண்ணல, மண்டபத்துல பண்றோம்.” அப்துல் ஹமீது சிரித்தார். அலாவுதீன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். “என்னண்ணே?”

“அவருக்கு என்ன மாமா?” என்றாள் ஃபஸீலா.

“அவன் கோலாலம்பூர்ல—”

“கோலாலம்பூர்லதான் இருக்கேன்னு அவரும் சொன்னாரு. வீடியோ கால் எடுக்க மாட்டேங்கிறாரு. பேசும்போது பின்னால டிரிப் மெஷின் கத்துது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கம்மா கடைசியில அதோடதான் இருந்தாங்க.”

அலாவுதீன் தேத்தண்ணீரை எடுத்து, குடிக்காமல் வைத்தார். ஆஸ்பத்திரி லிஃப்டிலிருந்து இந்த நாற்காலி வரை ஒத்திகை பார்த்த பொய் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. அது முடிந்துவிட்டது.

சொன்னார். நோயைச் சொன்னார். மருந்தைச் சொன்னார். நோன்புக்காகத் தள்ளி வைத்ததைச் சொன்னார். ரத்தத்தில் அன்று காலை கண்டதையும், வயிற்றில் மாட்டப்போகிற பையையும், மகன் கையெழுத்துப் போட மறுப்பதையும் சொன்னார்.

பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கான பாங்கு கேட்டது. அப்துல் ஹமீது எழுந்திருக்கவில்லை.

“நோன்புல ஊசி போடலாமா, மாத்திரை முழுங்கலாமான்னு ஊரே என்கிட்ட வந்து கேக்குது,” என்றார். “நீங்க ஏண்ணே கேக்கல?”

“கேட்டா உனக்குத் தெரிஞ்சுடும்.”

“தெரிஞ்சா?”

“பொண்ணு குடுக்க மாட்டே.”

“கேட்டிருந்தா, அவனுக்கு நோன்பே கடமையில்ல, போய் மருந்தைப் போடுன்னு சொல்லியிருப்பேன். ஒரு நிமிஷ வேலை.”

“பொண்ணு?”

அப்துல் ஹமீது வெகுநேரம் யோசிக்கவில்லை. பொய் சொல்கிற பழக்கமும் அவருக்கு இல்லை.

“குடுத்திருக்க மாட்டேன்.”

அலாவுதீன் தலையாட்டினார்.

“இப்பவும் இல்ல,” என்றார் அப்துல் ஹமீது. “நோய்க்காகச் சொல்லலண்ணே. நோய் அல்லா குடுத்தது. என் வீட்டு மேஜையில உக்காந்து இவ்வளவு நாள் என்னை ஏமாத்திட்டீங்க. அது நீங்க குடுத்தது. தள்ளி வைக்க ஒண்ணும் இல்ல. முடிஞ்சுபோச்சு.”

அலாவுதீனின் போன் அடித்தது. லைலா. எடுத்தார். விரல் தவறிப் பட்டு ஸ்பீக்கர் அமுங்கிவிட்டது.

“அத்தா, காய்ச்சல் ஏறிடுச்சு. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. கட்டி கசிய ஆரம்பிச்சிருக்கலாம்கிறாங்க. நாளைக்கு இல்ல, இப்பவே பண்ணணுமாம். டாக்டர் ரெண்டு தடவை வந்துட்டாங்க. இர்வான் பேனாவைத் தூக்கி எறிஞ்சுட்டான். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு அழுவுறான். எங்க இருக்கீங்க? அத்தா?”



ஃபஸீலா குனிந்து அவர் கையிலிருந்த போனை வாங்கினாள். “லாத்தா, நான்தான். அவருகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாதீங்க. நான் வர்றேன்.” வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“உக்காரு,” என்றார் அப்துல் ஹமீது.

அவள் அலமாரியிலிருந்து கைப்பையை எடுத்தாள். தலையைச் சுற்றிய துடோங்கைச் சரி செய்து பின்னைக் குத்தினாள்.

“ஃபஸீலா. அவங்க குடும்பம் பாத்துக்கும்.”

“அவங்க சொல்லி அவரு கேக்கல அத்தா. நீங்களும் கேட்டீங்கல்ல.”

“நீ சொன்னா கேப்பானா?”

“தெரியல. அவரு பயப்படுறது எனக்குத்தான். நான் போய் எதுக்க நின்னா, மறைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

“அதுக்கப்புறம்? அந்தப் பையைக் கழுவிக்கிட்டு உக்காந்திருக்கப் போறியா?”

“அதை அப்புறம் யோசிக்கலாம். இப்ப ஒரு கையெழுத்து வேணும்.”

“உங்கம்மா கட்டில் பக்கத்துல நான் உக்காந்திருந்தேன்,” என்றார் அவர். “ராத்திரி பகல் தெரியாம உக்காந்திருந்தேன். ஒவ்வொரு தடவை மெஷின் கத்தும்போதும் எந்திரிச்சேன். இப்பவும் தூக்கத்துல எந்திரிக்கிறேன். அந்த நாற்காலியில உன்னை உக்கார வைக்க நான் பெத்து வளக்கல.”

 ஃபஸீலா அப்பாவின் முழங்கையைத் தொடப் போனாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அலாவுதீன் எழுந்து நின்றார். “வேண்டாம்மா. நீ இரு. உங்கத்தா சொல்றது நியாயம்.”

“நீங்க பேசாதீங்க மாமா,” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. “நீங்க முடிவு பண்ணது எல்லாம் போதும்.”

 அலாவுதீன் மோட்டார் சாவியைத் தேடி இரண்டு பாக்கெட்டிலும் கைவிட்டார். சாவி மேஜை மேல் ஆறிப்போன தேத்தண்ணீர் பக்கத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு முதலில் அவர்தான் வெளியே போனார்.

ஃபஸீலா வாசலில் செருப்பு மாட்டினாள்.

“போயிட்டு வர்றேன் அத்தா.”

“வர்றேன்னு சொல்லாதே,” என்றார் அப்துல் ஹமீது. “போறேன்னு சொல்லு.”

 அவள் படியிறங்கி, காரில்லாத போர்ட்டிக்கோவைக் கடந்து தெருவுக்கு வந்தாள். அலாவுதீன் மோட்டாரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தால் ஓட்டுகிற நிலையில் இல்லை. அவள் கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அப்துல் ஹமீது வந்து இரும்புக் கிரில்லை இழுத்தார். ஓரத்தில் துரு பிடித்திருந்ததால் இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. பூட்டை மாட்டி அமுக்கினார். பிடித்து இழுத்துப் பார்த்தார். மகள் திரும்பிப் பார்த்தாளா என்று அவர் பார்க்கவில்லை. உள்ளே போய் மரக்கதவையும் சாத்தி, மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டார்.